மருமகனுக்கு ஆயுதப் பெட்டி: தாத்தாவின் உளி, இழைப்புளி எல்லாம் அடங்க எப்படிச் செய்யலாம்?

தாய்மாமன்:

எல்லோருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் இருக்கிறேன். மரவேலை எனக்குத் தொழில் இல்லை. ஆனால் அப்பா வாழ்நாள் முழுக்க ஆசாரி வேலை பார்த்தவர், அவர் பட்டறையிலேயே வளர்ந்ததால் இழைப்புளி பிடிக்கத் தெரியும். ஸ்டூல், புத்தக அலமாரி, சாமி மாடம் என்று வீட்டுக்கு வேண்டியதை நானே செய்துகொள்கிறேன்.

தங்கை மகன் ஐடிஐயில் கார்ப்பெண்டர் டிரேடு முடித்துவிட்டு ஒரு மேஸ்திரியிடம் வேலைக்குப் போகிறான். அப்பாவுக்கு இப்போது கை நடுக்கம், ரம்பம் பிடிக்க முடியாது. ஆயுதமெல்லாம் பேரனுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அவ்வளவும் இப்போது ஒரு தகர டிரங்குப் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது, எடுக்கும்போதெல்லாம் உளி வாய் உளியில் இடிக்கிறது, பார்க்கவே மனது கஷ்டமாக இருக்கிறது. ஆயுத பூஜை அன்றைக்கு நல்ல மரப்பெட்டியில் வைத்து அவன் கையில் கொடுக்கணும். மாமன் சீராக மோதிரம் எல்லாம் வேண்டாம், இந்தப் பெட்டியைச் செய்து கொடு என்று தங்கையே கேட்டுவிட்டாள்.

உள்ளே போக வேண்டியவை: சின்ன இழைப்புளி, நடு இழைப்புளி, நெடு இழைப்புளி, காடி (நீளவாக்கில் ஓடும் பள்ளம்) எடுக்கும் இழைப்புளி ஒன்று, அகல உளி, துளை உளி எல்லாமாக ஒரு கட்டு, கொட்டாப்புளி (மரச்சுத்தி), வாய்ச்சி (மரம் செதுக்குகிற வெட்டு ஆயுதம்), கைரம்பம் இரண்டு, முதுகு ரம்பம் (தகட்டின் மேல்விளிம்பில் பட்டை வைத்தது) ஒன்று, மூலைமட்டம், அரம், கயிறு போட்டு இழுத்துத் துளை போடுகிற துறப்பணம். அந்தத் துறப்பணத்தை அவன் பயன்படுத்துவானோ இல்லையோ, அப்பாவுக்கு அது உள்ளே இருந்தாகணும்.

மரம்: பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்த தேக்குக் கதவுப் பலகைகள் இருக்கின்றன. போதாததற்கு வாங்கிக்கொள்வேன். நீளம் 36 அங்குலம், அகலம் 20, உயரம் 18, பலகை கனம் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் என்று தாளில் போட்டு வைத்திருக்கிறேன். மூலைகளில் டவ்டெயில், அதாவது புறா வால் மாதிரி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோக்கிற இணைப்பு, போட ஆசை. அனுபவம் உள்ளவர்கள் குறை நிறை சொல்லுங்கள்.

---

நாஞ்சில்தச்சன்:

தம்பி, நல்ல காரியம். நான் நாகர்கோவில், இதுதான் தொழில்.

தாளில் போட்ட அளவை முதலில் ஓரமாக வையுங்கள். தரையில் பழைய செய்தித்தாள் விரித்து ஆயுதம் அத்தனையையும் பெட்டிக்குள் எப்படிக் கிடக்க வேண்டுமோ அப்படி அடுக்கிப் பாருங்கள். அப்புறம் சுற்றிக் கோடு போட்டு அளந்தால் அதுதான் உள்ளளவு. கைரம்பத்தில் தகடு மட்டுமே 26 அங்குலம் வரும், பிடியோடு சேர்த்தால் 30ஐத் தொடும், அதுதான் பெட்டியின் நீளத்தைத் தீர்மானிக்கிற ஆள். அடுத்து நெடு இழைப்புளி. இந்த இரண்டும் அடங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக அடங்கும். ஆயுதத்துக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழைய இடம் விடணும். இல்லையென்றால் எடுக்கும்போது விரல் முட்டி தேயும்.

பழைய தேக்கைப் பற்றி. பர்மா தேக்காக இருந்தால் இன்றைக்குக் காசு கொடுத்தாலும் அப்படிக் கிடைக்காது. ஆனால் இழைப்புளி வைக்கும் முன் காந்தம் ஒன்றைப் பலகை முழுக்கத் தடவுங்கள். தலை ஒடிந்து உள்ளேயே நின்றுபோன ஆணி கண்ணுக்குத் தெரியாது, இழைப்புளி தகட்டுக்குத்தான் தெரியும். பழைய பெயின்ட் இருந்தால் உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்பு தேய்க்காதீர்கள், அந்தக் காலப் பெயின்டில் ஈயம் உண்டு, தூசி மூச்சில் போகும். சூடு காட்டாமல், மருந்து தடவிச் சுரண்டி எடுங்கள். பலகை ஓரத்தில் வெள்ளை (வைரம் பாயாத வெளிமரம்) இருந்தால் ஈவு இரக்கம் பார்க்காமல் அறுத்துத் தள்ளுங்கள். வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் லேசில் தொடாது, வெள்ளையைத் தின்றுவிட்டுத்தான் போகும்.

புதுப் பலகை வாங்கினால் பச்சையா காய்ந்ததா என்று பாருங்கள். நிழலில் குச்சி வைத்து அடுக்கிக் காயப்போட்டால் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்பது எங்கள் கணக்கு. ஆயுத பூஜைக்குள் அது நடக்காது, அதனால் காய்ந்ததையே தேடி வாங்குங்கள்.

---

கோவைமரக்கை:

அண்ணா, ஆசையைத் தடுக்கிறேன் என்று நினைக்காதீங்க, ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன். 36க்கு 20க்கு 18, 20 மிமீ பலகை. நான்கு பக்கம், அடி, மூடி எல்லாம் சேர்த்தால் மரம் ஒன்றரை கன அடிக்குச் சற்று மேல். காய்ந்த தேக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 650 கிலோ. காலிப்பெட்டியே 29 கிலோ வருகிறது. இன்னும் அடிப்பட்டை, உள்தட்டு, கைப்பிடி எதையும் சேர்க்கவில்லை. ஆயுதம் போட்டால் ஒருவர் தூக்குகிற சாமான் இல்லை அது.

பையன் மேஸ்திரியோடு சைட்டுக்குப் போகிறான் என்கிறீங்க. டிவிஎஸ்ஸில்தானே போவான்? இந்தப் பெட்டியை எப்படிக் கொண்டு போவான்? கொண்டு போகவில்லை என்றால் அது வீட்டில் காட்சிப்பொருளாக நின்றுவிடும், ஆயுதம் மறுபடியும் சாக்குப்பைக்குப் போகும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. பித்தளைப் பூண் வைத்த அழகான பெட்டி, இப்போது மேலே இன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது.

என் யோசனை இதுதான். பெரிய பெட்டி வீட்டுக்கு. அதற்குள்ளேயே மேல்தட்டாக உட்காருகிற ஒரு சின்னக் கைப்பெட்டி சைட்டுக்கு. காலையில் அன்றைக்கு வேண்டிய நான்கு உளி, ஒரு சின்ன இழைப்புளி, மூலைமட்டம், முதுகு ரம்பம் எடுத்து அதில் வைத்துக்கொண்டு கிளம்பணும், சாயங்காலம் வந்து அப்படியே திரும்ப உள்ளே இறக்கணும்.

அப்புறம் ஒரு கேள்வி. பையன் எந்தக் கைக்காரன்?

---

தாய்மாமன்:

இடது கை. நீங்கள் கேட்கும் வரை அதைப் பெட்டியோடு சேர்த்து யோசிக்கத் தோன்றவே இல்லை. எதற்குக் கேட்டீர்கள்?

கைப்பெட்டி யோசனை மிகவும் பிடித்தது. அவனிடம் ஸ்கூட்டிதான் இருக்கிறது, முன்னால் கால் வைக்கிற இடத்தில் நிற்கிற அளவுக்குச் செய்தால் சரியாக இருக்கும்.

---

கோவைமரக்கை:

நானும் இடது கைதான், அதனால்தான் கேட்டேன். எல்லாப் பெட்டிப் படத்திலும் ரம்பத்தின் பிடி வலது பக்கம் வருகிற மாதிரி மாட்டியிருப்பார்கள். வலது கைக்காரர் குனிந்ததும் கை நேராகப் பிடியில் விழும். இடது கைக்காரர் எடுத்தால் உடம்பைத் திருப்பி, தகட்டைக் குறுக்கே இழுத்து, கை மாற்றிப் பிடிக்கணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுப்பான் என்று பாருங்க. ரம்பப்பிடி இடது பக்கம் வரட்டும். உளி வரிசையில் அதிகம் எடுக்கிற உளிகள் இடது ஓரத்தில் வரட்டும். பெரியவர் வலது கையாக இருந்திருப்பார், அவர் பெட்டியை அடுக்கினால் அவர் பழக்கத்துக்குத்தான் அடுக்குவார், அதனால் பையனைப் பக்கத்தில் நிற்கவைத்து அளவு எடுங்க. நின்றபடி குனியும்போது அவன் கை பெட்டியின் அடிவரைக்கும் எட்டுகிறதா என்றும் பாருங்க. அவனுக்குத் தெரியக்கூடாது என்றால் ஏதாவது சாக்குச் சொல்லி ஒரு ஸ்டூலை வைத்தாவது பார்த்துவிடுங்க.

---

சென்னைச்சுத்தி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எதற்கு இவ்வளவு? 18 மிமீ மரைன் பிளைவுட் ஒரு ஷீட், ஃபெவிகால், ஸ்க்ரூ. ஒரு வாரக் கடைசியில் பெட்டி முடிந்துவிடும். பிளைவுட் சுருங்காது, விரியாது, வெடிக்காது. டவ்டெயில் எல்லாம் ஃபெவிகால் வராத காலத்து வேலை. இன்றைக்குப் பசையே மரத்தைவிடப் பலமாகப் பிடிக்கிறது.

---

நாஞ்சில்தச்சன்:

பிளைவுட் அசையாது என்பது உண்மை, அதில் எனக்கு மறுப்பு இல்லை. அடிப்பலகைக்கு வேண்டுமென்றால் அதையே போடலாம். ஆனால் பசை மரத்தைவிடப் பலம் என்பது நார் ஓடுகிற பக்கத்தோடு பக்கம் ஒட்டும்போதுதான். பெட்டி மூலையில் ஒரு பலகையின் தலைப்பு இன்னொரு பலகையின் முகத்தில் வந்து முட்டுகிறது, தலைப்பு மரம் பசையைக் குடித்துவிடும், பிடிப்பு பாதிகூட நிற்காது. டவ்டெயில் போட்டால் பக்கத்தோடு பக்கம் ஒட்டுகிற இடம் கிடைக்கிறது, அதோடு ஆப்பு மாதிரி பூட்டும் கிடைக்கிறது. பசை என்றைக்காவது விட்டுப்போனாலும் மூலை பிரியாது. பழைய பெட்டிகளில் வச்சிரம் (அந்தக் காலத்துத் தச்சுப் பசை) எப்போதோ செத்துப்போயிருக்கும், பெட்டி நிற்கும்.

பிளைவுட்டில் ஸ்க்ரூ ஓரத்தில் போனால் அடுக்கு பிரியும். ஒரு தடவை கழற்றி மாட்டினால் பிடிப்பு போச்சு. ஆயுதப் பெட்டி என்றைக்கும் ஒரே மாதிரி இருக்காது, ஆயுதம் கூடும், தாங்கி மாற்றணும்.

தம்பிக்கு ஒரு விஷயம், இதைத் தவறவிடக்கூடாது. டவ்டெயிலில் வால் (நுனி விரிந்த நாக்கு) எந்தப் பலகையில், ஊசி (வால்களின் இடைவெளியில் போய் உட்காரும் நாக்கு) எந்தப் பலகையில்? கைப்பிடி இரண்டு பக்கவாட்டுப் பலகையில் வரப்போகிறது. தூக்கும்போது அந்தப் பலகைகளை வெளியே பிடுங்குகிற மாதிரி இழுப்பு விழும். அதனால் வால் முன்பலகையிலும் பின்பலகையிலும் வெட்டணும், பக்கவாட்டில் ஊசி. அப்போதுதான் அந்த இழுப்பை வாலின் அகலம் தாங்கும். மாற்றி வெட்டினால் வெறும் பசைதான் தாங்கும். வாலின் சாய்வு தேக்குக்கு 8க்கு 1 போதும். பைன் மாதிரி மெத்து மரத்துக்கு 6க்கு 1. அடியில் சுற்றிவருகிற பட்டைக்கும் டவ்டெயில் போடுவதாக இருந்தால் அதில் திசையைத் திருப்பிவிடுங்கள், பெட்டி நான்கு பக்கமும் பூட்டிக்கொள்ளும்.

தேக்கில் எண்ணெய்ப்பசை இருக்கும். ஒட்டும் இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, ஆறியதும் உடனே பசை போடுங்கள். நாளைக்கு ஒட்டலாம் என்று வைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

---

சென்னைச்சுத்தி:

தலைப்பு மரம் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறவர்களுக்கு, பட்டறை இல்லாதவர்களுக்கு, பிளைவுட் நல்ல வழிதான் என்பேன். தாய்மாமன் வீட்டில் பழைய தேக்கு இருக்கிறது, அவர் செய்யட்டும்.

---

வடலி:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். ஊரில் அம்மம்மா வீட்டில் பெட்டகம் ஒன்று இருந்தது, அறையின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும், மூடியைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். மரப்பெட்டி ஆசை எனக்கு அங்கேதான் தொடங்கியது. இங்கே அண்ணன் மகளுக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்திருக்கிறேன்.

மரம் அசைவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டால் காற்று காய்ந்துபோகும், கோடையில் ஈரம், அதனால் மரம் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். உங்களிடம் இருப்பது அத்தனை மோசம் இல்லை, ஆனால் குற்றாலச் சாரலும் சித்திரை வெயிலும் ஒரே ஊரில்தானே. தேக்கு அசைவு குறைந்த மரம் என்று பேர் எடுத்தது. அப்படியிருந்தும் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை ஆண்டு வளையத்தின் போக்கில் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல் சுருங்கும், வளையத்துக்குக் குறுக்கே அதில் பாதி. 18 அங்குல அகலப் பலகையில் மரத்தின் ஈரம் 5 விழுக்காடு ஏறி இறங்கினால் 4 மிமீ வரை விரிந்து சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

இதை வைத்துக்கொண்டு பெட்டியைப் பாருங்கள். நான்கு சுவரிலும் நார் கிடைவாட்டில் ஓட வேண்டும், அப்போது நான்கும் சேர்ந்து உயரத்தில் கூடிக் குறையும், மூலைக்கு நோகாது. அடிக்கு ஒரே அகலப் பலகை போட்டுச் சுற்றிவரப் பசை வைக்காதீர்கள், ஒரு கோடையில் வெடித்துவிடும். சின்னச் சின்னப் பலகையாக, நார் முன்னிருந்து பின்னுக்கு ஓடும்படி, ஒன்றுக்குள் ஒன்று காடியில் உட்கார வைத்து ஆணியோ திருகாணியோ போடுங்கள், பசை வேண்டாம். நடுவில் நூலிழை இடைவெளி விட்டால் அசைவு அங்கேயே முடிந்துவிடும். அடியில் ஒன்று உளுத்துப்போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பது கூடுதல் ஆதாயம்.

மூடிக்குச் சட்டமும் நடுப்பலகையும். சட்டத்தின் மூலையில் துளையும் அதில் நுழைகிற கழுந்தும் போட்டு ஒட்டலாம். நடுப்பலகை காடிக்குள் சும்மா மிதக்க வேண்டும். ஒட்டுவதாக இருந்தால் நடுவில் ஒரு சொட்டு மட்டும்.

---

தாய்மாமன்:

இதற்குத்தான் இங்கே கேட்டேன். அடிப்பலகையை ஒரே அகலமாக ஒட்டி, சுற்றிவரப் பசை போட்டு அடைக்கலாம் என்றுதான் திட்டத்தில் இருந்தது, அதை எடுத்துவிட்டேன்.

நாஞ்சில்தச்சன் அண்ணன் சொன்னபடி ஆயுதங்களைத் தரையில் பரப்பினோம். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல வைத்தேன். வாய்ச்சியைத் தனியாக வை, அது பக்கத்தில் இருக்கிறதை வெட்டும் என்றார். துளை உளிகளைப் படுக்க வைத்தால் விடமாட்டேன் என்கிறார், நிற்கணுமாம், வாய் எந்தப் பக்கம் என்று பார்த்து எடுக்கணுமாம். நெடு இழைப்புளி மட்டும் எல்லாவற்றுக்கும் அடியில் போகலாம் என்று ஒத்துக்கொண்டார். உள்ளளவு 32க்கு 15க்கு 14 என்று வந்து நிற்கிறது. எடையும் நன்றாகக் குறைகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். உள்தட்டு எப்படி நகர்த்துவது? பூட்டு எங்கே வாங்குவது?

---

திண்டுக்கல்லான்:

பூட்டு என்றதும் நான் வரவில்லை என்றால் ஊருக்கு மரியாதை இல்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிஷின் பூட்டு வந்து தொழில் நலிந்துபோனாலும் கையால் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்டிக்கு மாங்காய்ப் பூட்டு கேளுங்கள், பேருக்கு ஏற்ற மாதிரி மாங்காய் வடிவத்தில் இருக்கும். உள்ளே பதிக்கிற பூட்டு வேண்டாம் என்பது என் கருத்து. பதிப்பதற்கு முன்பலகையில் அரைக்கனத்தைக் குடைந்து எடுக்கணும், பின்னால் பூட்டு கெட்டுப்போனால் அதே அளவில் இன்னொன்று தேடி அலையணும். நாதாங்கியும் தொங்குபூட்டும் என்றால் என்றைக்கும் மாற்றலாம்.

நாதாங்கிக்கும் கைப்பிடிக்கும் மரத்திருகாணி போதாது. பலகையைத் துளைத்து உள்பக்கம் வாசர் வைத்து நட்டு போடுங்கள். கைப்பிடியில்தான் மொத்த எடையும் தொங்குகிறது.

பித்தளைத் திருகாணியைத் தேக்கில் நேராக முடுக்கினால் கழுத்து ஒடியும். அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் முடுக்கி வழி உண்டாக்கிவிட்டுக் கழற்றுங்கள், பிறகு பித்தளையில் கொஞ்சம் மெழுகு தடவிக் கையாலேயே முடுக்குங்கள். டிரில் மிஷின் பக்கமே போக வேண்டாம்.

---

நாஞ்சில்தச்சன்:

உள்தட்டு. பக்கவாட்டுச் சுவர் இரண்டிலும் உள்பக்கம் ரீப்பர் (நீளமான மரச்சட்டம்) அடிக்கணும், தட்டு அதன்மேல் முன்னும் பின்னும் சறுக்கும். இரண்டு தட்டு என்றால் கீழ் ரீப்பர் கனமாக, மேல் ரீப்பர் மெல்லியதாக. அதனால் கீழ்த்தட்டு நீளம் சற்றுக் குறைவு, மேல்தட்டு சற்று நீளம், இப்படிப் படி விட்டால்தான் கீழ்த்தட்டை வெளியே தூக்க முடியும். தட்டின் அகலம் பெட்டி அகலத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கட்டும். 15இல் 7 வைத்தால் இரண்டு தட்டையும் ஒரே பக்கம் தள்ளிவிட்டு மறுபக்கம் கைவிட்டு அடியில் இருப்பதை எடுக்கலாம். ரீப்பருக்கு வைரமான தேக்கு, தட்டுக்கு மலைவேம்பு மாதிரி எடை குறைந்த மரம். ரீப்பரில் மெழுகு தேய்த்துவிடுங்கள்.

உளித்தாங்கி, ரம்பத்தாங்கி எதையும் ஒட்டாதீர்கள். திருகாணி மட்டும் போடுங்கள். பையனுக்கு வேலை பழகப் பழக இடம் மாற்றத் தோன்றும்.

பெட்டிக்கு அடியில் இரண்டு கட்டை, வேம்போ எதுவோ, திருகாணியில் மாட்டுங்கள். தரை ஈரமும் கரையானும் முதலில் அதைத்தான் தொடும், கெட்டால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டலாம். மூடிக்குச் சங்கிலியோ தாங்கியோ கட்டாயம். தேக்குச் சட்டமூடி விரலில் விழுந்தால் விரல் போச்சு. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் பெட்டி பூட்டியே இருக்கணும், உள்ளே இறங்கி ஒளிந்து விளையாடுவார்கள், மூடி விழுந்தால் காற்று கிடையாது.

---

மெட்வே:

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கிறேன், மரவேலை தெரியாது, வாசிக்க மட்டும்தான் வருவேன். ஆனால் இந்தப் பேச்சைப் படித்தபோது ஒன்று சொல்லியே ஆகணும் என்று தோன்றியது. பக்கத்தில் ரோசெஸ்டர் கில்டுஹால் அருங்காட்சியகத்தில் ஓர் ஆயுதப் பெட்டி இருக்கிறது. பெஞ்சமின் சீட்டன் என்ற இளைஞருக்கு அவருடைய அப்பா 1796 டிசம்பரில் லண்டனில் ஆயுதங்களை மொத்தமாக வாங்கிக் கொடுத்தார். அதை வைக்க மகன் 1797இல் தானே பெட்டி செய்தார். எந்த ஆயுதம் என்ன விலை என்று எழுதிய பட்டியலும் கூடவே இருக்கிறது. ஆயுதங்கள் பெரும்பாலும் தேயாமலே அப்படியே நின்றுவிட்டன, அதனால் அந்தக் காலத்து ரம்பத்தின் பல் எப்படி இருந்தது, பிடி எப்படி இருந்தது என்று பார்க்க மரவேலைக்காரர்கள் தேடி வருகிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது அந்தப் பட்டியலைப் பற்றித்தான். இந்த உளி எந்த ஊரில் வாங்கியது, இந்த இழைப்புளிக்குக் கட்டை யார் போட்டது, வாய்ச்சி எந்தக் கொல்லர் அடித்தது என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும். அவர் சொல்ல நீங்கள் எழுதி பெட்டிக்குள் வைத்தால் என்ன?

இன்னொரு செய்தி. சுவீடனில் காட்லாந்து தீவில் மேஸ்டர்மீர் என்ற இடத்தில் 1936இல் வயல் உழும்போது வைக்கிங் காலத்து ஆயுதப் பெட்டி ஒன்று அகப்பட்டது. ஓக் மரம், நீளம் ஏறக்குறைய 90 செமீ. உள்ளேயும் பக்கத்திலுமாக 200க்கு மேற்பட்ட பொருள்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவர் செய்த பெட்டியும் தாய்மாமன் முதலில் போட்ட 36 அங்குலமும் ஏறக்குறைய ஒரே நீளம் என்று பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

---

தாய்மாமன்:

மெட்வே, உங்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை இல்லை. நேற்றே அப்பாவிடம் கேட்க ஆரம்பித்துவிட்டேன். அந்த வாய்ச்சி அவருக்கே அவர் மாமனார் கொடுத்ததாம். எனக்கு இத்தனை வயதாகியும் தெரியாத சங்கதி. முதுகு ரம்பம் ஒரு கல்யாண வீட்டுக் கட்டில் வேலைக்குக் கூலிக்குப் பதிலாக வாங்கியதாம். நோட்டில் எழுதிக்கொண்டே வருகிறேன். தட்டுக்கு அடியில் அந்த நோட்டு வைக்க ஒரு மெல்லிய இடம் விட்டிருக்கிறேன்.

பெட்டி நிலவரம்: டவ்டெயில் வெட்டி நான்கு மூலையும் பூட்டியாகிவிட்டது. ஊசிப்பலகையில் கோடு போடும்போது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். பென்சிலைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கத்திமுனையால் கீறச் சொன்னார். பென்சில் கோட்டுக்குக் கனம் உண்டு, அறுக்கும்போது கோட்டின் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று மயக்கம் வரும், கத்திக் கீறலில் உளி தானாகப் போய் உட்காரும் என்றார். அப்படியே உட்கார்ந்தது. மூலையைத் தட்டிச் சேர்த்தபோது அவர் கொட்டாப்புளியைக் கேட்டு வாங்கி, நடுங்குகிற கையோடு கடைசி இரண்டு தட்டு அவரே தட்டினார்.

இனி பூச்சு. வெளியே ஆளிவிதை எண்ணெய் போடலாமா? உள்ளே என்ன போடுவது? துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

---

வடலி:

வெளியே எண்ணெய் தாராளமாகப் போடலாம். உள்ளே வேண்டாம். மூடிய பெட்டிக்குள் எண்ணெய் காய நாள் எடுக்கும், வாடை போகவே போகாது. உள்ளே ஒன்றும் பூசாமல் விடலாம், இல்லையென்றால் மெல்லிய அரக்குப் பாலிஷ்.

முக்கியமானது இதுதான். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பற்றும். வெளியே கொடியில் விரித்துப் போட்டு விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் ஊறவிடுங்கள். பட்டறையில் மரச்சுருள் கிடக்கும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

---

நாஞ்சில்தச்சன்:

துருவுக்கு எங்கள் கடற்கரைக் காற்றைவிடப் பெரிய எதிரி கை வியர்வை. வேலை முடிந்து வைக்கும் முன் தையல் மிஷின் எண்ணெய் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டால் போதும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. அது நாளாக நாளாகப் பிசுக்கு ஏறித் தூசியைப் பிடித்துக்கொள்ளும், அதனால் நான் விட்டுவிட்டேன். தட்டு மூலையில் கற்பூரக்கட்டி போட்டு வைப்பது எங்கள் வழக்கம். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், மருந்து டப்பாவில் வருமே அது. ஈரம் குடித்துவிட்டால் சூடு காட்டித் திரும்பப் போடலாம்.

ரம்பப் பல்லும் உளி வாயும் எங்கேயும் இரும்பில் படக்கூடாது. மரத்தில்தான் படணும்.

---

தாய்மாமன்:

கொடுத்தாயிற்று. பூஜையில் பெட்டியைத் திறந்து வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, அப்பா கையால் எடுத்துக் கொடுத்தார். பையன் முதலில் எடுத்தது ரம்பம். குனிந்தான், இடது கை நேராகப் பிடியில் போய் விழுந்தது. கோவைமரக்கை அக்கா, அந்த நிமிஷம் உங்களை நினைத்துக்கொண்டேன். கைப்பெட்டி ஸ்கூட்டியில் சரியாக நிற்கிறது, தினமும் போய் வருகிறது.

நேற்றுப் போய்ப் பார்த்தால் உளித்தாங்கியைக் கழற்றி இரண்டு அங்குலம் கீழே இறக்கி மாட்டியிருக்கிறான். அகல உளியின் பிடி தட்டில் இடிக்கிறதாம். அப்பாவுக்கு முதலில் முகம் சுருங்கியது, அப்புறம் தானே இரண்டு தடவை உளியை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, இதுதான் சரி என்று சொல்லிவிட்டார்.

---

நாஞ்சில்தச்சன்:

சந்தோஷம் தம்பி. பழைய திருகாணி ஓட்டையை அப்படியே விடாதீர்கள். தேக்குச் சிராய் ஒன்றைக் கூராகச் சீவி, ஃபெவிகால் தொட்டுச் செருகி, காய்ந்ததும் உளியால் மட்டமாக வெட்டிவிடச் சொல்லுங்கள். திரும்ப அதே இடத்தில் மாட்ட வேண்டி வந்தாலும் திருகாணி பிடிக்கும்.